சாத்தம் தீவின் முக்கால் மணி

செப்டம்பர் 3, புதன்

மன்னிக்க வேண்டும், இந்த நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு. யாரிடம் கேட்கிறேன் இந்த மன்னிப்பை? விடிவதற்குள் பஸ் ஓட்டப் போகவேண்டிய என் கணவன் ஹேமி பக்கத்து அறையில் தூங்குகிறான். அவனிடம் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை நிக்காவ் இப்போதுதான் கண் மூடினான். விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வான். சமையலறையில், அடுப்பு விளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பிள்ளை பெற்ற விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. நான் கட்டிய இணையதளத்தை நான் போனபோது எப்படி விட்டேனோ அப்படியே வைத்திருக்கிறார்கள். அன்பினால் அல்ல, பயத்தினால். தொலைதூர மருத்துவமனைகளில் இருப்பவர்கள் வெலிங்டன் டாக்டரை வீடியோவில் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளும் தளம் அது. அதற்குள் நாங்கள் எழுதியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல் துண்டுகள்; லைப்ரரிகள் என்போம். ஒன்று இன்னொன்றை நம்பி நிற்கிறது, அது வேறொன்றை. இத்தனை மாதமாக யாரும் எதையும் புதுப்பிக்கவில்லை. இன்று திறந்தேன். திரை முழுக்கப் பாதுகாப்பு எச்சரிக்கைகள்.

"வந்துட்டியா தாயே. வீட்டுல ஒரு குழந்தை, இங்க ஒரு குழந்தை. ரெண்டுக்கும் நீயே துடை," என்றாள் பிரையோனி. அவளும் நானும் ஒரே நாளில் இங்கே சேர்ந்தவர்கள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

எங்கள் தலைவர் டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. "கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளுற ஞாயிறு வரைக்கும் பார்ப்போம், கஹு. அதுக்குள்ள ஒரு எச்சரிக்கையும் இல்லாம ஓடணும். இல்லைன்னா சிட்னில விக்கிற ரெடிமேட் சிஸ்டத்துக்கு மாறிடலாம்னு இருக்கேன். உன் மேல கோபமில்லை."

கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

காலண்டர் லைப்ரரியைப் புதுப்பித்தால் படிவ லைப்ரரி வர மறுக்கிறது. படிவத்தைப் புதுப்பித்தால் காலண்டர் முறைக்கிறது. பேச்சுவார்த்தை அறுந்துபோன உறவுக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது போல இருக்கிறது. முன்பெல்லாம் இந்தச் சிக்கலை ஒரு சீஸ் ஸ்கோன் தின்று முடிப்பதற்குள் அவிழ்த்திருப்பேன். இன்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூளை திரும்பி வருமா? தூக்கம் வந்தால் வரும் என்கிறார்கள். தூக்கம் எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நிக்காவை விடும் குழந்தைகள் காப்பகம், கோஹங்காவிலிருந்து போன். "நிக்காவுக்கு உடம்பு சுடுது, வந்து கூட்டிட்டுப் போங்க." நான் கோட்டு மாட்டுவதைப் பார்த்து பிரையோனி கேட்டாள், "எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தியா?"

"லாக் ஃபைலையுமா?"

"அதை யாருடி படிக்கிறா?"

எந்த லைப்ரரியில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று இயந்திரம் தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் கோப்பு அது. ஆயிரக்கணக்கான வரிகள். மனிதர் யாரும் எழுதுவதில்லை, அதனால் யாரும் படிப்பதுமில்லை. சிக்கிக்கொண்டால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது இதுதான். ஒரு கை கோட்டுக்குள் இருக்க, மறு கையால் அழித்தேன். மறுபடி இறக்கினேன். எல்லாம் ஓடியது. ஒரு எச்சரிக்கை இல்லை. சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சை காட்டின.

ரயிலில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஏன் ஓடுகிறது என்று தெரியாதது ஓடுவது எனக்குப் பிடிக்காது.

காய்ச்சல் இறங்கிவிட்டது. பல் முளைக்கிறது போலிருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

புதுப்பித்த தளத்தைச் சோதனைக்காக, கிழக்கே நடுக்கடலில் இருக்கும் சாத்தம் தீவு மருத்துவமனைக்கு மட்டும் திறந்துவிட்டோம். நான்தான் அவர்களைக் கேட்டேன். லோர்னா என்ற நர்ஸ் அங்கே இருக்கிறார். மூன்று வருடமாகப் போனில் மட்டும் பழக்கம். என்னை "கண்ணு" என்பார், முகம் பார்த்ததில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் லோர்னா கூப்பிட்டார். "கண்ணு, தீவோட கோடி, ஓவெங்காலருந்து ஒரு ஆளு இதய டாக்டரைப் பார்க்க வந்திருக்காரு. நண்டுக்காரர், படகை விட்டுட்டு அவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தாரு. பதினொண்ணுன்னு உன் தளம் சொல்லுச்சு, பத்து அம்பதுக்கே வந்து உட்கார்ந்துட்டாரு. டாக்டர் அதுக்கும் முன்னாடியே வந்து, காத்திருந்து, ஆள் இல்லைன்னு போயிட்டாராம்."

"வெலிங்டன்ல பத்து மணிக்குத்தான் நேரம். அப்போ உங்களுக்கு..."

"பத்தே முக்கால்! நாங்க முக்கால் மணி முன்னாடி. எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான். முன்னாடி இங்க இருந்த சிட்னிக்காரன் சிஸ்டத்துக்கு அது தெரியாது, நான் முக்கால் மணின்னு சுவத்துல எழுதிவெச்சுக் கூட்டிக்கிட்டு இருந்தேன். உன்னுது வந்ததும் சுவத்தை வெள்ளையடிச்சேன். மறுபடி எழுதணுமா, சொல்லிடு."

டாக்டரைக் கெஞ்சி மாலையில் வேறு நேரம் வாங்கினேன். அந்த மனிதர் இரண்டாம் முறை வண்டி ஓட்டி வந்தார். திட்டவே இல்லை என்றார் லோர்னா. திட்டியிருக்கலாம்.

டெஸ்மண்ட், "பார்த்தியா," என்று மட்டும் சொன்னார். நான் பிரிண்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிக்காவுக்குப் பால் எடுத்துவைத்தேன். அழுதேனா? ஆமாம். கொஞ்சம்.

முக்கால் மணியை ஒரு மணி ஆக்கியது யார்? நான் இல்லை. நான் இல்லை என்று நிரூபிக்க முடியுமா?

செப்டம்பர் 17, புதன்

நான் இல்லை.

அழித்த லாக் ஃபைலின் பழைய பிரதி சேமிப்பில் இருந்தது. அதையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்து, ரயிலில், நிக்காவ் மடியில் என் தலைமுடியை இழுத்துக்கொண்டிருக்க, வரி வரியாகப் படித்தேன். யாரும் படிக்காததைப் படித்தேன். மாறிய எண்கள் நிறைய. ஒவ்வொன்றையும், "உன்னை யார் கூட்டிவந்தது?" என்று கேட்டேன். அப்படிக் கேட்க ஒரு கட்டளையே இருக்கிறது. நேர வித்தியாசத்தைத் தொடுவது ஒன்றே ஒன்று. நாங்கள் காலண்டரைக் கூப்பிட்டோம். காலண்டர் ஒரு நேர லைப்ரரியைக் கூட்டிவந்தது. அது தன் பையில் போட்டுக்கொண்டு வந்தது இந்தக் குட்டியை. ஒரே பக்க அளவுதான். அதன் பதிப்பு எண்ணில் மாறியிருப்பது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் மட்டும். அந்த இடம் மாறினால், 'சின்னப் பிழை திருத்தினேன், வேறு எதுவும் மாறாது' என்று எழுதியவர் உலகுக்குத் தரும் வாக்கு.

திறந்து பார்த்தேன். சில நேரங்களை மட்டும் பக்கத்து முழு மணிக்குத் தள்ளும் வரி ஒன்று முன்பு இருந்திருக்கிறது. அதைப் பக்கத்து அரை மணிக்குத் தள்ளும்படி மாற்றிவிட்டு, எல்லா நேரமும் அந்த வழியாகவே போகும்படி செய்திருக்கிறார். அதில்தான் சாத்தத்தின் முக்கால் மணி ஒரு மணியாகிவிட்டது. கீழே ஒரு குறிப்பு: "இனி அடிலெய்டும் சரியாகக் காட்டும்!"

அடிலெய்டுக்காரர். அவர் ஊர் சிட்னியிலிருந்து அரை மணி பின்னால். எல்லாரும் தன் அரை மணியை மறக்கிறார்கள் என்று கோபப்பட்டு எழுதியிருக்கிறார். கால், முக்கால் என்று யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

பிரையோனியிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தாள். "கொள்ளுப்பேரன் பண்ணின தப்புக்கு நம்ம வீட்டுக் கதவைத் தட்டியிருக்காங்க," என்றாள். பிறகு, "லாக் ஃபைலை யாரு படிக்கிறான்னு கேட்டேன்ல? வாபஸ்."

என் மூளை திரும்பி வந்துவிட்டது! தூக்கம் இல்லாமலே வந்துவிட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

மகிழ்ச்சி ஒரு நாள்தான். குட்டியின் பழைய பதிப்பை வைத்தால் நேரம் சரி, ஆனால் அதில் பாதுகாப்பு எச்சரிக்கை உண்டு. புதியதை வைத்தால் எச்சரிக்கை இல்லை, நேரம் தப்பு. டெஸ்மண்ட் இரண்டையும் ஏற்க மாட்டார். ஏற்கவும் கூடாது.

திருத்தம் எழுதி எழுதியவருக்கே அனுப்ப வேண்டும். அவர் ஏற்று வெளியிட வேண்டும். கூடவே ஒரு கடிதம். முதலில் கோபத்தில் எழுதியதை ஹேமி தேநீர் குடித்துக்கொண்டே படித்தான்.

"இந்த மாதிரி ஒரு பயணி என்கிட்ட பேசினா அடுத்த ஸ்டாப்ல இறக்கி விட்டிருப்பேன்."

"ஒரு நோயாளி திரும்பிப் போக வேண்டியதாச்சு, ஹேமி."

"அது அவருக்குத் தெரியுமா? தெரிஞ்சா செஞ்சிருப்பாரா?"

மாற்றி எழுதினேன். லோர்னாவின் வெள்ளையடித்த சுவரைப் பற்றி எழுதினேன். சாத்தம் என்று பெயரிட்டு ஒரு சோதனையும் சேர்த்தேன்: வெலிங்டனில் பத்து என்றால் அங்கே பத்தே முக்கால் வர வேண்டும், வராவிட்டால் சிவப்பு. நேபாளத்துக்கும் இதே முக்கால் மணி, அதையும் சேர்த்தேன். அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பதில் இல்லை.

செப்டம்பர் 24, புதன்

பதில் இல்லை. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நிக்காவ் அதைப் பிடுங்கிக் கடிக்கிறான். சரிதான், கடி.

செப்டம்பர் 25, வியாழன்

டெஸ்மண்டின் அறைக்கு நானே போனேன். "அவர் வெளியிடும் வரை அந்தக் குட்டியை நம்ம பிரதியா வெச்சுக்கலாம். என் திருத்தத்தோட. எச்சரிக்கையும் இல்லை, நேரமும் சரி."

"சொந்தப் பிரதின்னா காலத்துக்கும் நாமதானே பார்த்துக்கணும்? யார் பார்ப்பா?"

"நான்."

"பிள்ளைய வெச்சுக்கிட்டு?"

"பிள்ளைய வெச்சுக்கிட்டுதான் கண்டுபிடிச்சேன்."

குரல் உயர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரையோனி திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. டெஸ்மண்ட் மெதுவாகத் தாடியைத் தடவினார். "கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ," என்றார். பிறகு, "லோர்னாகிட்ட ஓட்டிக் காட்டு. அவங்க சரின்னா சரி."

செப்டம்பர் 26, வெள்ளி

லோர்னாவின் மருத்துவமனையில் இன்று நான்கு பேர் வீடியோவில் டாக்டரைப் பார்த்தார்கள். நான்கு பேரும் டாக்டரும் சரியான நேரத்தில் எதிரெதிரே வந்து உட்கார்ந்தார்கள். சிட்னி சிஸ்டத்துக்கு டெஸ்மண்ட் "வேண்டாம்" என்று எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தை எனக்கும் அனுப்பினார். ஒரே வரி. அதைப் பலமுறை படித்தேன் என்று இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மீனும் சிப்ஸும் வாங்கி வந்தோம். கடற்கரையில் சாப்பிடலாம் என்றால் தெற்குக் காற்று, காருக்குள்ளேயே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கடிகாரம் மாறும்போது விழித்திருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். தூங்கிவிட்டேன். நிக்காவும் தூங்கிவிட்டான். காலையில் லோர்னாவின் செய்தி: "எல்லாம் சரி கண்ணு. சுவரு வெள்ளையாவே இருக்கு."

அக்டோபர் 2, வியாழன்

அடிலெய்டிலிருந்து பதில். அவர் பெயர் கிளைவ். பள்ளியில் கணக்குச் சொல்லித்தருபவர். தன் ஊர் கால்பந்து ஆட்டங்களின் நேரம் எந்தத் தளத்திலும் சரியாக வருவதில்லை என்று ஒரு மழைநாளில் எழுதியதாம் அந்தக் குட்டி. உலகமே அதைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

"செப்டம்பரில் இறுதி ஆட்டங்கள். எங்கள் ஊரில் அந்த மாதம் யாரும் எந்தக் கடிதத்தையும் பிரிப்பதில்லை. அதற்காக அந்த மீனவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் திருத்தத்தை இன்று வெளியிட்டேன். சாத்தம் தீவை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. ஒன்று கேட்கலாமா? நேரத்தைப் பற்றி என்னைவிட அக்கறை உள்ளவர் நீங்கள். இதைத் திருத்தி வெளியிடும் சாவியில் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்கிறீர்களா?"

சட்டென்று ஆமாம் என்று எழுதிவிட்டேன். அப்புறம்தான் பயந்தேன்.

ஹேமி கேட்டான், "இதுக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் இப்படிச் சிரிக்கிற?"

இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் கிளைவின் பெயருக்குக் கீழே என் பெயர். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பிரதியோடும் சாத்தம் என்ற சோதனையும் போகிறது. நிக்காவைத் தூக்கித் திரையைக் காட்டினேன். அதை நக்கினான்.

அக்டோபர் 14, செவ்வாய்

பசிபிக் கடலின் நடுவே, மார்க்கேசாஸ் தீவிலிருந்து ஒரு கடிதம். ஹெய்மாத்தா என்று ஒரு பெண். படிப்பு முடித்து முதல் வேலை. இதுவரை யாருக்கும் திருத்தம் அனுப்பியதில்லையாம். "உங்களுக்கு இப்போது என்ன நேரம் என்று பார்த்துவிட்டு எழுத நினைத்தேன். உங்கள் லைப்ரரியைத்தான் கேட்டேன். அது எங்கள் ஊர் நேரத்தையே தவறாகச் சொல்கிறது. ஒருவேளை தப்பு என்னுடையதாக இருக்கலாம்."

தப்பு அவளுடையது அல்ல. அவள் ஊர் உலக நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னால். பின்னால் இருப்பவர்களுக்கு மணியோடு நிமிடத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். நான் மணியைக் கழித்துவிட்டு நிமிடத்தைக் கூட்டியிருக்கிறேன். ஒரு மணி நேரம் தப்பு. என் கையால், போன மாதம் எழுதிய வரி. கிளைவுக்கு அவர் ஊர். எனக்கு, நேரத்தில் முன்னால் ஓடும் தீவுகள். பின்னால் இருப்பவர்களை நான் நினைக்கவே இல்லை.

வெகுநேரம் சிரித்தேன், சத்தம் வராமல். பிறகு என் வரியைத் திருத்தப் போனேன். போய், கையை எடுத்துவிட்டேன். அவளே கண்டுபிடித்திருக்கிறாள். அவளே திருத்தட்டும். அவளுக்கு எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"ஹெய்மாத்தா, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. நீ சொன்ன வரிதான், சொன்ன காரணம்தான். திருத்தத்தை நீயே எழுதி அனுப்பு, உன் பெயரில் வெளியிடலாம். அதோடு உன் தீவின் பெயரில் ஒரு சோதனையும் சேர்த்துவிடு, இனி யாரும் மறக்க முடியாதபடி. எங்கே சிக்கினாலும் கேள். கைக்குழந்தை இருக்கிறது, எந்த நேரத்திலும் நான் விழித்திருக்க வாய்ப்பு உண்டு. காத்திருக்கிறேன், சீக்கிரம் பதில் போடு."