என்னைக் கேளாமல் நீங்கள் சொன்னது

இன்றைக்கு பேரன் ஆரனின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன் அக்கா. சூட்டோடு அழுத்தி மடித்த துணியின் மணம் மூக்கில் ஏறியது. ஹம்பேர்க்கில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் இடத்தில் என் மகள் சுகியோடு நீங்கள் வேலை செய்த காலமெல்லாம் உங்களில் இருந்த மணம். போன மாரிக் குளிரோடு நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். ஆனாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

அவனுக்கு வலிப்பு என்பதை உங்களைத் தவிர வெளியில் ஒருவருக்கும் நாங்கள் விட்டதில்லை. மூத்த பேத்திக்கு நாளைக்குச் சம்பந்தம் பேச வேண்டுமே என்று நான்தான் சுகியின் வாயைக் கட்டினேன். ஆரனை டொக்டரிடம் காட்ட டெர்மின் குறித்த நாளெல்லாம் வேலையிடத்தில் அவள் சொன்ன சாட்டு வயிற்றுக்குத்து, இல்லாவிட்டால் வீட்டில் தண்ணிக்குழாய் உடைவு.

திடீரென்று ஒருநாள் வேலையிடத்து முதலாளி, அந்த ஷெஃப், அவளைப் பின்னேர வேலைக்கு மாற்றினான். பின்னேரம் நடக்கமாட்டாத ஆரனைத் தூக்கிப் பராமரிக்க ஆள் இல்லை, எனக்கு ஏலாது. அவள் கெஞ்சினாள். அவன் மசியவில்லை. கடைசியில் தானே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வழக்குப் போட்டோம். முதல் கோர்ட்டில் தோற்றோம். "அவள் தானாகப் போனாள். பிள்ளைக்கு வலிப்பு வருத்தம் என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்றான் ஷெஃப். பிள்ளையின் வருத்தத்துக்காகத் தாயை நெருக்கி வெளியேற்றினாலும் சட்டப்படி பிழைதான், ஆனால் அவனுக்கு அது தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும் என்றார் எங்கள் வக்கீல். எப்படிக் காட்டுவது? மறைத்தவர்கள் நாங்கள்தானே.

மேல்கோர்ட்டுக்குப் போக முன்னம் நீங்கள் எங்கள் குசினிக்கு வந்தீர்கள்.

"பிள்ளை, அவனுக்குத் தெரியும். நான்தான் சொன்னனான்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"உன்னைக் கேட்டால் விடுவியே? இரக்கப்பட்டு அவளைக் காலமை வேலையிலேயே விடுவான் எண்டு நினைச்சன். 'அப்பிடிப் பிள்ளை இருந்தால் வீட்டில கிடக்கட்டும்' எண்டான் பாவி. அடுத்த கிழமையே மாத்திப்போட்டான்."

நீங்கள் வாய் வைக்காத தேத்தண்ணியை உங்கள் முன்னாலேயே எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன்.

அப்போதும் அவனிடம்தான் உங்களுக்கு வேலை. மேல்கோர்ட்டில் அவனுக்கு முன்னாலேயே சாட்சிக்கு இருந்தீர்கள். சிநேகிதிக் குடும்பத்துக்காகக் கட்டிய கதை இது என்றார் அவனுடைய வக்கீல். நீங்கள் என் பக்கம் விரலை நீட்டினீர்கள்.

"சிநேகிதியோ? அந்தா இருக்கிறா சுகியின்ர தாய்க்காரி. நான் சொல்லிப்போட்டன் எண்டு அறிஞ்ச நாளிலயிருந்து முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. இப்ப கோர்ட்டுப் படியிலையும் கதை குடுத்தன், சுவரைப் பாத்தா. வடிவாப் பாருங்கோ அந்த மூஞ்சையை!"

மொழிபெயர்ப்பவர் சொல்லி முடிய, நீதிபதி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவவின் வாய்க்கோடியில் சின்னச் சிரிப்பு. பிறகு குனிந்து எழுதினா.

சுகி தானாகப் போகவில்லை, போக வைத்தார்கள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு அவன் உங்களைப் பாரமான ஈரத்துணி இழுக்கும் வேலையில் போட்டான். நீங்கள் வாய் திறக்கவில்லை, சுகிதான் அறிந்து வந்து சொன்னாள். அவனை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

உங்களில் கோபமும் ஆறவில்லை. ஆனால் போன ஞாயிறு பேத்தியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, சுகி ஆரனின் அறைக் கதவைச் சாத்தப் போனாள். நான் அவளை விலக்கி, அவனைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து சபை நடுவில் விட்டேன்.

"இவன் என்ர பேரன். வலிப்பு இருக்கு. கேக்கிறதை இப்பவே கேளுங்கோ."

அவர்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை. அனுப்பாமலே விடட்டும். அந்தக் கதவை இனி ஒருவரையும் சாத்த விடமாட்டேன், அக்கா.