எந்தக் கைக்குத் துவக்கு

மருதமுனை
14.08.1981

அன்புள்ள மச்சான் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் மகள் நதீராவும் இருக்கிறோம். சவூதியில், தம்மாமில் வெயில் எப்படி, உங்கள் முதுகுவலி எப்படி என்று நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை.

நாலு மாதத்துக்குப் பிறகு வந்த கடிதம். உறையைத் தொட்டால் நல்ல தடிப்பு. எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள் என்று ஆசையோடு பிரித்தேன். பார்த்தால் அணில் சுடும் துவக்குகளின் கடைப் பட்டியல், படங்களோடு! எனக்கு "சுகம்தானே" என்று ஒரு சொல், காற்றுத் துவக்குக்கு இரண்டு பக்கம். கோபிக்காதீர்கள், சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அணில் தொல்லை என்று முறையிட்டவள் நான்தானே.

தொல்லை குறையவில்லை. தென்னைகளில் குரும்பையாகவே கடித்துக் கொட்டுகின்றன. எலி நெல்மூட்டையைக் கிழித்துவிட்டது. பொறி வைத்தேன், பக்கத்து வீட்டுப் பூனைதான் அகப்பட்டது. அதற்கு வாங்கிய ஏச்சைத் தனிக் கடிதமாக எழுதலாம்.

நீங்கள் வட்டம் போட்ட இரண்டு துவக்குகளையும் பற்றி இங்கிலிசில் இருந்ததை, காரைதீவிலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு வரும் பூமணி டீச்சர் வாசித்துச் சொன்னா. பெரியதில் குழலை மடித்து அமத்த நல்ல பலம் வேண்டுமாம், தூரத்துக்குச் சுடுமாம். சின்னது இலேசு, குண்டும் சின்னது. நம் வளவுத் தென்னைக்கு அது தாராளமாகப் போதுமாம். வாசித்து முடித்துவிட்டு, "அவர் எப்ப வாறார்?" என்று கேட்டா. பெருநாளைக்கு என்றேன். போன வருசமும் அப்படித்தான் சொன்னேன். டீச்சர் வேறு கதைக்குப் போய்விட்டா, நல்ல மனுசி.

உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஜவுபர் காக்கா தன் கூட்டாளியின் காற்றுத் துவக்கை இரவல் வாங்கி வெள்ளிக்கிழமைகளில் வந்து அணில் சுட்டார். பாவம், அவருக்கும் சாய்ந்தமருதில் பெண்சாதி வீடு இருக்கிறதே, எத்தனை நாளைக்குத் தங்கச்சி வீட்டு அணிலைக் கலைப்பார்? ஒருநாள் துவக்கை என் கையில் தந்து, "நீயே பழகு புள்ள" என்றுவிட்டார். கிடுகு வேலியைச் சுற்றி உயர்த்திக் கட்டிவிட்டு, வெறும் பால்பேணித் தகரத்தைக் குறியாக வைத்துப் பழகினேன். இப்போது பத்துக்கு எட்டுப் படுகிறது. முதல் அணில் விழுந்த அன்று மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

துவக்கு எடுக்குமுன் கையளவு பார்க்க வேண்டும் என்று காக்கா சொன்னார். தோளில் வைக்கும் கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் விசைக்கு எட்ட வேண்டும். கட்டை நீளமென்றால் குறி தவறுமாம். என் கைக்குப் பன்னிரண்டரை அங்குலம். சின்னதின் கட்டை சரியாக அந்த அளவு.

உங்கள் கையையும் அளந்தேன். எப்படி என்று கேட்கிறீர்களா? பெட்டியிலிருந்த உங்கள் கலியாணச் சட்டையைப் பாயில் விரித்தேன். முழங்கை மடிந்த கோடு இன்னும் அழியவில்லை. அங்கிருந்து மணிக்கட்டு வரை பத்து அங்குலம். அதற்கு மேலே கைக்கும் விரலுக்கும் ஐந்து அங்குலம் என்று நினைவில் வைத்துப் போட்டேன். போட்டுவிட்டு, அது சரிதானா என்று எனக்கே தெரியாமல் போனது. நாலு வருசத்தில் உங்கள் விரலின் நீளம் மறந்துவிட்டதே என்று அழுதுவிட்டேன் மச்சான். நதீரா வந்து, இது ஆருடைய சட்டை உம்மா என்று கேட்டாள்.

பெரியதின் கட்டை பதினைந்து அங்குலம் என்று பட்டியலில் இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று விருந்தில் எல்லார் முன்னாலும் வாப்பா, "நம்முட மருமகனக் கண்டா வளவு அணிலும் ஓடுதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். நீங்கள் சோற்றுக் கோப்பையில் கையைக் கழுவிவிட்டு எழும்பினீர்கள். அடுத்த மாதமே பயணம் போய்விட்டீர்கள். வீடு சீதனமாக என் பேரில் இருப்பதால் அது உங்களுக்கு வீடில்லை என்று அன்றைக்கு நினைத்துவிட்டீர்கள். வாப்பா மையவாடிக்குப் போய் ஒரு வருசமாகிறது. கடைசி நாட்களில், மருமகனின் கடிதம் வந்ததா என்றுதான் கேட்டுக்கொண்டு கிடந்தார். சொன்னவரே போய்விட்டார், இன்னும் ஆரோடு ரோசம்?

எது வேண்டுமென்று புள்ளடி போட்டு அனுப்பச் சொன்னீர்கள், அங்கிருந்து லீவில் வரும் முகம்மது தம்பியிடம் கொடுத்துவிடுவதாக. பட்டியலை அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன், புள்ளடியை நீங்களே போடுங்கள். சின்னது என்றால் முகம்மது தம்பியிடம் கொடுத்து விடுங்கள். இனி நானே சுட்டுக்கொள்ள வேண்டும் என்று விளங்கிக்கொள்வேன். ஒரு சொல்லும் கேட்க மாட்டேன்.

பெரியது என்றால் அவரிடம் கொடுக்க வேண்டாம். அந்தக் கட்டைக்கு எட்டுகிற கை இந்த வீட்டில் இல்லை.

அல்லாஹ் உங்கள் கைகளுக்குச் சுகத்தையும் வழிக்குப் பாதுகாப்பையும் தருவானாக. ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், ஆமீன் சொல்ல நதீராவும் பழகிவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் வளவில் இருக்கும்
றுகையா