எந்தப் பக்கம் சுழலும்?

விமானப்படைத் தளபதி அவர்களுக்கு,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சூடு பண்ணும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள். நேற்று ஐயா தன் கையாலேயே மாட்டிய அந்த ஃபேன், புகையை வெளியே தள்ளாமல் தெருப்புழுதியை உள்ளே இழுக்கிறது. திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். சொன்னால், "உனக்கென்ன தெரியும்?" என்று என் மேலேயே பாய்ச்சல்!

உங்கள் பொம்மைப் போர் விமானத்துக்கான ப்ரொப்பெல்லர் வந்துவிட்டது. பார்சல் ஃப்ரிட்ஜ் மேல். "இந்த விமானத்தின் ப்ரொப்பெல்லர் இடப்பக்கம் சுழலும், இதில் பிளேடின் முறுக்கு மாறியிருக்கிறது" என்று போன தடவை வந்ததைத் திருப்பி அனுப்பிய மகானாயிற்றே! சுண்டுவிரல் அளவு ப்ரொப்பெல்லரில் தெரிகிற தப்பு, முறம் அளவு ஃபேனில் தெரியாதா?

நாலு மணிக்கு எலக்ட்ரீஷியன் வருவார். கதவைத் திறந்தால் போதும், பாடம் எடுக்க வேண்டாம். சாவி ஆணியில்.

பி.கு: இந்த ப்ரொப்பெல்லர் சரியாகத்தான் இருக்கிறது. சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் படத்தோடு வைத்துப் பார்த்துவிட்டேன். என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று: "எந்தப் புண்ணியவான்மா இப்படி மாட்டினது?" என்று எலக்ட்ரீஷியன் போனில் சிரித்தார். முன்னாடி குடியிருந்தவர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஃபேனை மாட்டிய மாதிரி நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.