கேமராவுக்குப் பின்னால் நைனா

செஞ்சி,
2.2.2025

அன்புத் தங்கை கலைமதிக்கு,

மெசேஜ் அனுப்பினால் நீ கட்டைவிரல் பொம்மைதான் அனுப்புகிறாய்; அதனால் கடிதம். ஜெயித்துவிட்டேன்! ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்களைக் கடைக்குத் தூக்கி வந்து லினக்ஸ் போட்டேன். காசு கேட்காத சாஃப்ட்வேர். ஆமையாய்க் கிடந்தவை இப்போது ஓடுகின்றன! பிரவுசரில் லிங்க்கைத் திறந்தால் வீடியோ மீட்டிங். செலவு வெப்கேம் மட்டும்தான். ஒன்றை ஓசூருக்கு லாரி பார்சலில் போட்டிருக்கிறேன். போனில் நீ சைகை பேசினால் நைனா கண்ணுக்கு விரல் தெரியாது. பெரிய திரையில் ஒவ்வொன்றும் தெரியும்.

வீடியோவில் உன்னிடம் பேச நைனாவைக் கூப்பிட்டேன். நீ ஆதவனைக் கட்டிக்கொண்டதிலிருந்து சொல்வதையே சொன்னார்: "ரெண்டு பேருக்கும் காது கேக்காது. புள்ள அழுதா யாருக்குடா தெரியும்?" பேரனுக்கு மூன்று மாதமாகியும் முகம் பார்க்கவில்லை. நான் விடமாட்டேன்.

உன் அண்ணன்,
இளவழகன்

ஓசூர்,
11.2.2025

அன்புள்ள அண்ணா,

பெட்டி பத்திரமாக வந்தது. ஆதவன் பத்தே நிமிடத்தில் மாட்டிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ செய்த காரியம்! கேமராவை மூக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சைகை காட்டினாய். மீசை நன்றாகத் தெரிந்தது. கை? காது கேட்கிறவர்கள் புத்தியே இதுதான், முகம் தெரிந்தால் போதும் உங்களுக்கு. கேமராவைத் தள்ளி வை, இடுப்புவரை தெரியட்டும்.

எனக்குச் சைகை சொல்லிக் கொடுத்ததே நைனாதான். அந்தக் கையைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. வருவாரா அண்ணா?

கலைமதி

செஞ்சி,
16.2.2025

அன்புத் தங்கைக்கு,

இன்றைக்கு நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது! மல்லாட்டைக் கடலை மூட்டையைச் சாக்காக வைத்து நைனா கடைக்கு வந்தார். "நான் சும்மா குந்தினு இருக்கேன், என்னைக் காட்டாத" என்று கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கரில் குழந்தை வீறிட்டது. "டேய், புள்ள அழுவுது! அவகிட்ட சொல்லுடா!" நான் கையைத் தூக்குவதற்குள் என்னை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு அவரே சைகையில் சொல்லிவிட்டார்.

ஆதவன் குழந்தையைத் தோளில் போட்ட பிறகும் நைனா திரையை விட்டு நகரவில்லை. வெளியே வந்ததும் ஜம்பத்துக்குக் குறைச்சலில்லை: "பாத்தியா, ரெண்டு தபா சொல்ல வேண்டியிருக்குது!" உடனே, "வர்ற ஞாயித்துக்கிழமை எத்தினி மணிக்கு?"

இளவழகன்

ஓசூர்,
20.2.2025

அன்புள்ள அண்ணா,

பத்து மணிக்கு என்று சொல். மற்றதைச் சொல்லாதே.

குழந்தை அழுதால் அதிர்கிற பட்டை ஒன்றை நாங்கள் இருவரும் மணிக்கட்டில் கட்டியிருக்கிறோம். முதல் சத்தத்திலேயே அதிர்ந்தது, ஆதவன் எழுந்துவிட்டார். நானும் எழப் போனேன், அப்போதுதான் திரையில் நைனா கை வந்தது. அவர் சொன்னது முதல் தடவையே புரிந்தது அண்ணா. இன்னொரு தடவை பார்க்க ஆசையாக இருந்தது, அதனால்தான் "என்ன?" என்று கேட்டேன்.

கலைமதி