பின்சீட்டில் கோகோ

கடலாடி
அன்புள்ள மகன் ராம்குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் இரண்டு ஆடுகளும் சுகம். பெங்களூரில் நீயும் மகேஸ்வரியும் சுகமாக இருக்கக் கருப்பசாமி துணையிருக்கட்டும். உங்கள் நாய் கோகோ சுகமாகத்தான் இருக்கும், அதற்கு என்ன குறை. போனில் பேசினால் டிராபிக்கில் இருக்கிறேன் என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நீ பொங்கலுக்கு வந்துவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது, எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம், நாளைக்கு எல்லாரும் கடலுக்குப் போறோம் என்றாய். அந்த எல்லாரிலும் நானும் உண்டு என்று நினைத்தது என் தப்பு. விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிண்டி, துவையல் அரைத்து, போன வருஷம் நீ எடுத்துத் தந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு கார் பக்கத்தில் வந்து நின்றேன். கதவைத் திறந்தால் பின்சீட்டு முழுக்க மெத்தை விரித்து நாய் படுத்திருக்கிறது. கோகோ நீட்டிப் படுத்துத்தாம்மா வரும், நெருக்கி உக்காந்தா வாந்தி எடுத்துரும், ஒனக்கென்ன நீ பாக்காத கடலா என்றாய். தூக்குச்சட்டியை உன் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றேன். அந்தச் சிரிப்பை நீ நம்பிவிட்டாய் பார், அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதோடு போயிருந்தால் விட்டிருப்பேன். திரும்பி வந்து கதை வேறு சொன்னாய். அரியமான் கடற்கரையில் கோகோ அலையைப் பார்த்துக் குரைத்ததாம், தனுஷ்கோடி மணலில் உருண்டதாம், வழியில் ஏதோ ஒரு பூங்காவில் நாய்க்கு அனுமதி இல்லை என்று வாசலில் நின்றவர் சொல்லிவிட்டாராம். அத வெளிய கட்டிப்போட்டுட்டு நாங்க மட்டும் எப்படிம்மா உள்ள போறது, பாவம் ஏங்கிப்போயிரும்ல, அதான் திரும்பிட்டோம் என்று என்னிடமே சொன்னாய். அப்போது நான் உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியால் ஒரு போடு போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் பக்கத்து வீட்டு மாரிச்செல்வி நீ போனில் போட்ட படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். நாய்க்குக் கூலிங்கிளாஸ் மாட்டியிருக்கிறாய். குடும்பத்தோட கடலுக்குன்னு எழுதியிருக்கு, ஒங்களக் காணமே மதினி என்று கேட்டாள். முழங்கால் வலி, நாந்தான் வரலைன்னுட்டேன் என்று பொய் சொன்னேன். இந்த வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

பாக்காத கடலா என்று கேட்டாயே, கேட்டுக்கொள். நான் கடலுக்குப் போனது மூன்று தடவை. உன் தாத்தா செத்ததற்கு, என் அம்மா செத்ததற்கு, கடைசியாக உன் அய்யாவின் சாம்பலைக் கரைக்கச் சேதுக்கரைக்கு. மூன்று தடவையும் முங்கி எழுந்து ஈரச் சேலையோடு வேனில் ஏறி வந்தவள் நான். ஒருநாளும் கரையில் சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை. பக்கத்தில் வாலிநோக்கம் கடற்கரைக்குப் பஸ் இருக்கிறது, போகலாம்தான். ஒற்றைப் பொம்பளை தனியாகப் போய்க் கரையில் உட்கார்ந்தால், என்ன வந்துச்சு இவளுக்கு என்று நாலு பேர் ஓடி வருவார்கள்.

மிளகாய் முதல் பறிப்பு பரவாயில்லை, உனக்கு இரண்டு கிலோ தனியாகக் காய்கிறது. கோபம் வேறு, சாப்பாடு வேறு. தூக்கத்தோடு கார் ஓட்டாதே. மகேஸ்வரியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நாய் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்று திரும்பி வந்ததும் முதலில் என்னிடம் ஓடிவந்து சேலையெல்லாம் கடல் மணலாக்கியது அதுதான். அதன் இடத்தை நான் கேட்கவில்லை. என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்ளட்டும், நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

சித்திரைக்கு வரும்போது மறக்காமல் என்னைக் கூட்டிப் போ. அதற்கு அடுத்த தடவை எப்படியும் என்னைக் கலயத்தில்தான் கொண்டுபோவாய். அன்றைக்குப் பின்சீட்டு வேண்டியதில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். பச்சைச் சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

கோபம் தீராத உன் அம்மா,
சோ. ராக்கு