பேராசிரியர் பேசப் பேச உருகிய புழுக்கள்

அக்கா பெற்ற மருமகளே,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். உன்னை விரட்டிவிட்டு, ஆராய்ச்சிக்காகக் குடற்புழுக் குஞ்சுகளை உறையவைக்கும் உன் முறையைத் தன்னுடையது என்ற பேராசிரியர், நேற்று விருந்தினர் முன் மாட்டிக்கொண்டார்.

உறைந்த புழுக் குப்பியை வெளியே எடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் முக்க வேண்டும், மெல்ல உருகினால் புழு செத்துவிடும் என்பாயே. அவரோ அதைக் கையில் பிடித்தபடி தன் பெருமையை அளந்தார். ஆய்வகத்தைத் துடைக்கிற நான் தடுப்பேனா? "ஐயா, இன்னும் கொஞ்சம் பேசுங்க, காதுக்கு இனிமையா இருக்கு" என்றேன்.

நுண்ணோக்கியில் ஒன்றுகூட நெளியவில்லை. "என்ன சார், எல்லாம் செத்துக் கெடக்கு?" என்றார் விருந்தினரில் ஒருவர். என் வயிறு குளிர்ந்தது. அப்புறம் பேராசிரியர் என் காலில் விழுந்து கதறினார்.

காலில் விழுந்தது மட்டும் என் கைச்சரக்கு. உன் நம்பரைக் கேட்டது நிஜம். "அதே விருந்தாளிங்க முன்னால அவ பேரைச் சொல்லுங்க, நம்பர் அப்புறம்" என்றேன்.

உன் தாய்மாமன்