நூற்றெண்பதாம் நாள்

ஜூலை 14

காலை 10.17க்கு அந்தப் பட்டியல் வந்தது. அடுத்த மாதம் அழியப்போகும் கோப்புகள், வெறும் எண்கள். மாதாமாதம் வரும், பார்க்காமலே சரி என்று தட்டிவிடுவேன். இன்று ஓர் எண்ணில் விரல் நின்றது. பிப்ரவரி 10. ஒலி. நாற்பத்தேழு நிமிடம்.

என் மனைவி சுமியின் பேச்சு.

நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆப்பில் அவள் பேசி, அரசு உத்தரவு வந்து நாங்கள் நீக்கிய பேச்சு. நீக்கியதை நூற்றெண்பது நாள் வைத்திருக்க வேண்டும், சட்டம். ஆகஸ்ட் 9, காலை 11 மணிக்கு அழியும். அழிக்கும் புரோகிராமை எழுதியது நான்.

இன்றோடு அவள் போய் எண்பத்து மூன்று நாள்.

ஜூலை 15

அவள் குரல் இருக்கிறது. நான் கேட்க முடியாது.

ஜூலை 16

வேறெங்கும் இல்லையா என்று நேற்று முழுக்கத் தேடினேன். எங்கே இருக்கும்? உத்தரவு வந்த அன்றே பயந்துபோய் அவள் போனைத் துடைத்தேன். எங்கள் வாட்ஸ்அப்பில் எல்லாம் ஒரே நாளில் மறையும்படி வைத்தேன். பேக்கப்பை நிறுத்தினேன். அவள் சிரித்தாள்: "நாளைக்கு என்னையும் டெலிட் பண்ணிருவியோ?"

கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டுப் போட்டு மூடியிருக்கிறார்கள். அவள் வாய் அசைகிறது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 22. பைபாஸ், மழை, லாரி. சதி ஒன்றுமில்லை. அவளைக் கொன்றது யாருமில்லை. அவள் குரலைத் துடைத்தது நான்.

ஜூலை 17

ஒரு தடவை திறந்து கேட்கலாமா என்று கம்பெனி சட்டப் பிரிவு பத்மஜா மேடத்திடம் போனேன். கோட்டை அக்ரஹாரத்துக்காரர். முகம் பார்த்துப் பேசவில்லை.

"படிவம் நீங்க போட்டதுதானே ஷிஜு? கோர்ட்டுன்னு ஒரு கட்டம், கவர்மென்ட் ஏஜென்சின்னு ஒரு கட்டம். ஆம்படையான்னு கட்டம் எங்க இருக்கு, காட்டுங்கோ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

முன்பெல்லாம் கம்பெனி எதையும் அழிக்காது. ஒரு வருடம் சண்டை போட்டு மாற்றினேன். திறக்க உத்தரவு எண் வேண்டும், இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும், எஞ்சினியர் தொடவே கூடாது. மீட்டிங்கில் கைதட்டினார்கள். இப்ப அந்தப் பூட்டுல தலைய முட்டிக்கிட்டு நிக்கிறேன்.

ஜூலை 21

வெளிநாட்டு ஆப் ஒன்றில் அவளுக்குப் பழைய கணக்கு இருந்தது. அதை மூடியவனும் நான்தான். எழுதிக் கேட்டேன். நான்கு நிமிடத்தில் பதில்: கணக்கு உரிமையாளரின் தனியுரிமையைப் பாதுகாக்கிறோம்.

யாரிடமிருந்து?

ஜூலை 24

சைபர் போலீஸ். எஸ்.ஐ. சுவாமிதாஸ் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். "பாறசாலையா? அப்ப நம்ம ஆளு" என்று டீ வரவழைத்தார்.

"வைஃப் மேல இருந்த கேஸ, அவங்க போனதோட மூடியாச்சு. நீங்க ஒரு மனு தாருங்க, ரெக்கார்டிங் கேஸுக்கு வேணும்னு. திரும்பத் திறந்து, கம்பெனிக்கு எழுதி, அழியாம நிறுத்திருவோம். நீங்க இங்கயே உக்காந்து கேட்டுக்கிடலாம்."

கும்பிட்டேன்.

வாசல் வரை கூடவே வந்தார். "அதுல இன்னொரு பெண்ணும் பேசுதாமே. ஆஸ்பத்திரிக்காரி. பேரு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

ஜெஸி. ஒப்பந்த நர்ஸ். காய்ச்சலில் செத்தவர்களைத் தன் ஆஸ்பத்திரி குறைத்துக் கணக்குக் காட்டுகிறது என்று வேறு பெயரில் வந்து சொன்னவள். அதற்குத்தான் உத்தரவே வந்தது. பெயரை மாற்றலாம். குரலை?

ஜூலை 25

மனு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு.

ஜூலை 27

கொடுக்கும் முன் ஜெஸியிடம் சொல்லிவிட வேண்டும். பழவங்காடியில், கோவிலுக்கு எதிரே தேங்காய்க்கடை ஓரம் நின்று சொன்னேன்.

"நான் பேச மாட்டேன்னுதான் அண்ணா சொன்னேன். சுமியக்காதான், எங்க வீட்டுக்காரர் எழுதின புரோகிராம், பிரச்சினையாகி எடுத்தாலும் ஆறு மாசத்துல தானா அழிஞ்சிரும்னு சொன்னா. உங்கள நம்பித்தான் வாயத் தொறந்தேன்."

நான் கீழே கிடந்த தேங்காய்ச் சிதறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ சத்தம் கேக்கணும்னு எனக்கும்தான் இருக்கு. அதுக்கு நான் கம்பி எண்ணணுமா?"

பஸ் வந்தது. படியில் ஏறித் திரும்பினாள். "குடுக்குறதா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

ஜூலை 30

கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பேசவைத்துப் பார்த்தேன். வார்த்தை வருகிறது. சத்தம் வரவில்லை.

ஆகஸ்ட் 3

சுமியின் அம்மா தாசம்மாள் அத்தையிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"குடு மக்களே. அம்மேன்னு அவ எப்படி விளிப்பான்னு எனக்கு மறக்குது."

ஜெஸிக்கு என்ன ஆகும் என்றும் சொன்னேன்.

"அவளுக்கு இந்த வேல போனா வேற வேல கிட்டும். எனக்கு வேற மவ கிட்டுவாளா?"

சுமியின் அப்பா ஞானையன் மாமா போனை வாங்கி வைத்துவிட்டார்.

சரியாத்தானே கேக்கிறாங்க? உங்க மவ குரலத் துடைச்சது நான்தான்னு சொல்லவா?

ஆகஸ்ட் 6

ஸ்டேஷன் வாசல் வரை போனேன். மனு சட்டைப்பையில், வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். நீயாவது சொல்லேன்டி. வாக்குக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. நான் என்னடி பண்ண?

உள்ளே போகவில்லை.

ஆகஸ்ட் 8

சுவாமிதாஸ் சார் கூப்பிட்டார். "நாளைக்குத்தானே கடைசி? காலம்பற பத்துக்குள்ள வாங்க. லெட்டர் டைப் பண்ணி வெச்சிருக்கேன். அந்தப் பெண்ணுக்கு ஒண்ணும் வராது. சும்மா ஒரு விசாரணை, அவ்ளோதான்."

பிப்ரவரியில் சுமியிடமும் இதைத்தான் சொன்னார்கள். சும்மா ஒரு விசாரணை. ஒன்பது நாள் அவள் சாப்பிடவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள்.

ஆகஸ்ட் 9

லீவு சொல்லிவிட்டேன். வீட்டில்தான் இருக்கிறேன். சுவாமிதாஸ் சார் மூன்று தடவை கூப்பிட்டார். அத்தை இரண்டு தடவை. எடுக்கவில்லை. ஜெஸிக்கு ஒரு வரி அனுப்பினேன்: டூட்டிக்குப் போ.

மணி 10.56. அழித்து முடித்ததும் எனக்கு ஒரு செய்தி வரும். அப்படி வைத்ததும் நான்தான்.

போனை அணைத்துவிட்டேன்.